ப்ளூடூத் அடாப்டர்: 2 வருடம் பயன்படுத்திய பிறகு

ஒலிநூல்களைக் கேட்டுப் பிழை குறித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் காதில் ஹெட்போன் இருக்கும். முதுகுவலி வந்த பிறகு உட்கார்ந்தே கேட்க முடியவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடிதான் கேட்கிறேன். அங்கேதான் ப்ளூடூத் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நடுவில் ஒரு சொல் விழுந்துவிட்டால், அது வாசித்தவர் விட்டதா, சிக்னல் விட்டதா என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் கணினிக்குத் திரும்பிப் போய், பின்னால் தள்ளிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கணினியில் ப்ளூடூத் இல்லாமல் இல்லை. வைஃபையும் ப்ளூடூத்தும் சேர்ந்த கார்டு மதர்போர்டிலேயே உண்டு. ஆனால் அதன் ஆன்டெனா சிபியுவின் முதுகுப் பக்கம். சிபியுவோ மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி நிற்கிறது, பக்கத்தில் இரும்பு பீரோ வேறு. அறை நிலையைத் தாண்டினாலே சத்தம் அறுபடும்.

விரல் நீள ஆன்டெனா வைத்த கிளாஸ் 1 யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். கிளாஸ் என்பது சிக்னல் அனுப்பும் சக்தியின் அளவு. கிளாஸ் 2 என்றால் அதிகபட்சம் 2.5 மில்லிவாட், சுமார் 10 மீட்டர். கிளாஸ் 1 என்றால் 100 மில்லிவாட் வரை, திறந்த வெளியில் 100 மீட்டர் வரை போகும் என்பது கணக்கு. அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது இந்த 100 மீட்டரைத்தான். அதை நம்பி வாங்காதீர்கள். ஹெட்போனும் பதில் சொல்லியாக வேண்டும். சின்ன பேட்டரியில் ஓடும் அதன் குரல் மெலிந்ததுதான். அடாப்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், அந்த மெல்லிய பதில் அதற்குக் கேட்கவில்லை என்றால் பயனில்லை. நல்ல ஆன்டெனா அனுப்புவதற்கும் கேட்பதற்கும் சேர்த்து உதவும் என்பதால், மில்லிவாட்டைவிட அதைத்தான் நான் பார்ப்பேன்.

முதல் நாள் நிலைமை முன்பைவிட மோசமாக இருந்தது. பின்பக்க நீல யுஎஸ்பி 3.0 துளையில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். பேக்கப் ஓடும்போதெல்லாம் ஹெட்போன் திக்கியது. காரணம் தேடியபோது விளங்கியது: யுஎஸ்பி 3.0-வில் தரவு ஓடும்போது கசியும் இரைச்சல், ப்ளூடூத் இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல் 2012-லேயே இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, அடாப்டரை மேசைக்கு மேலே, என் தலை உயரத்தில், அறை வாசலைப் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டினேன். அன்றிலிருந்து அடுப்படி வரை ஒரு தடங்கலும் இல்லை. சந்தேகத்துக்கு, அலமாரியில் கிடந்த நகக்கண் அளவு பழைய டாங்கிளையும் (அதுவும் ஒரு ப்ளூடூத் அடாப்டர்தான்) அதே வயரில் மாட்டிப் பார்த்தேன். அதுவே ஹால் பாதி வரை தாக்குப்பிடித்தது! ஏற்கெனவே டாங்கிள் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்கும் முன் வயரை மட்டும் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத்தான் வேலை செய்யும். உள்ளே இருப்பதை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டுத்தான் புதியதைச் செருக வேண்டும். பழைய இணைப்புகள் புதிய அடாப்டருக்கு வராது, எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்க வேண்டும். மவுஸும் கீபோர்டும் ப்ளூடூத் என்றால், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வயர் மவுஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்குவதால், ரவுட்டரில் கணினியையும் போனையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் உதவியது. ப்ளூடூத் 79 அலைவரிசைகளில் தாவித் தாவி, நெரிசலான இடங்களைத் தானே ஒதுக்கும். என்றாலும், ஒதுங்க இடம் வேண்டுமே.

இப்போது கொல்லையில் துணி துவைக்கும் கல் வரை கேட்கிறது. அங்கே நின்று வீட்டுக்கு முதுகு காட்டினால் மட்டும் லேசாக அறுபடும். உடம்பில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. மொட்டை மாடிக்குப் போகவே போகாது, கான்கிரீட் தளம் விடாது. போன மாதம் முடித்த நூலில் ஒன்பது இடங்களில் சொல் விழுங்கியிருந்தது. ஒன்பதும் வாசிப்பில் விழுந்தவை. முன்பெல்லாம் இப்படி ஒன்பதைக் கண்டுபிடிக்க நாற்பது முறை அறைக்கு நடந்திருப்பேன்.

அடாப்டரால் ஆகாதவையும் உண்டு. மீட்டிங்கில் ஹெட்போன் மைக்கை ஆன் செய்தால் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி மெலிவது அப்படியேதான் இருக்கிறது. அது அழைப்புக்கான முறைக்கு மாறுவதால் வருவது. ப்ளூடூத் 5.0, 5.3 என்ற பதிப்பு எண்களைப் பார்த்தும் தூரம் கூடும் என்று எண்ண வேண்டாம். 5.0-வில் வந்த நீள்தூர வசதி குறைந்த மின்சக்தி ப்ளூடூத்துக்கானது. நம் வழக்கமான ஹெட்போன்களில் பாட்டு வருவது பழைய கிளாசிக் முறையில்.

கணினி தூங்கி எழுந்தால் சில நாள் அடாப்டரைக் காணாது. டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைத்துவிடும் அனுமதியை எடுத்ததும் சரியானது. ஆன்டெனா மடங்கும் மூட்டு 14 மாதத்தில் தளர்ந்து தொங்கத் தொடங்கியது. இன்சுலேஷன் டேப் சுற்றி நிமிர்த்தி வைத்திருக்கிறேன், சிக்னல் குறையவில்லை.