கீசர் சரியாகச் சுடவில்லையா: உப்பு எடுப்பதா, காயில் மாற்றுவதா?

முதலில் தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். 15 லிட்டர், 2000 வாட் கீசர் 28 டிகிரித் தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர சுமார் 17 நிமிடம் ஆகும்.

அவ்வளவு நேரம் விட்டும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதா? சென்னையில் போர் தண்ணீர் ஓடும் வீடு என்றால் என் ஓட்டு உப்பு எடுப்பதற்குத்தான். காயிலைக் கழற்றினால் அந்த உப்பு, அதாவது வெள்ளைச் சுண்ணாம்பு, தடிமனாக அப்பியிருக்கும். தொட்டியின் அடியிலும் சில்லு சில்லாகக் கிடக்கும். சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாமல் காயிலே அதிகமாகச் சூடாகி, கட்-அவுட் (சூடு மீறினால் அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) சீக்கிரமே கரண்டை நிறுத்திவிடும். வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும், செலவும் குறைவு. அப்புறம், ஆனோடு கம்பியையும் (தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கம்பி) பாருங்கள். அது தேய்ந்து போயிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டி துருப்பிடிக்கும்.

காயில் மாற்ற வேண்டிய நிலை வேறு. காயிலுக்குக் கரண்ட் வந்தும் சூடே ஏறாவிட்டால், அல்லது கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், பெரும்பாலும் காயில் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்து பயனில்லை. கரண்ட் கசிவு உயிர் விஷயம். எலக்ட்ரீஷியன் வரும்வரை கீசர் சுவிட்சைப் போடாதீர்கள். புதுக் காயில் அதே வாட்டில் இருக்கட்டும்.