மரியா டெல் கார்மெனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஸ்பானிஷ் குடும்பங்களை வம்சாவளி மென்பொருளில் ஏற்றும்போது தலைவலி குடும்பப் பெயரில்தான் வரும் என்று பலரும் நினைப்பார்கள். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு இருக்கின்றனவே. அது சீக்கிரம் பிடிபட்டுவிடும். படுத்தி எடுப்பது முன்பெயர். மரியா டெல் கார்மென், ஹுவான் கார்லோஸ், மரியா டெ லா லூஸ் எல்லாம் பார்ப்பதற்கு இரண்டு, மூன்று, நான்கு சொற்கள். ஆனால் ஆளுக்கு ஒரே பெயர். ஹோசே மரியா என்றால் ஆண், மரியா ஹோசே என்றால் பெண். நடுவில் வெட்டினால் ஆளே மாறிப்போகும்.

இதைப் பதிய நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, முதற்பெயர் ஒரு கட்டத்தில், நடுப்பெயர் இன்னொரு கட்டத்தில். விக்கிட்ரீ, ஜெனி போன்ற வம்சாவளித் தளங்கள் இப்படித்தான் கேட்கின்றன. அமெரிக்கப் பெயருக்குச் சரியாக வரும். இங்கே 'மரியா' ஒரு பக்கமும் 'டெல் கார்மென்' இன்னொரு பக்கமும் போய் உட்காரும். நடுப்பெயரைக் காட்டாத பட்டியல்களில், கார்சியா என்ற குடும்பத்தின் அக்கா தங்கை எல்லோரும் வெறும் மரியா கார்சியா ஆகிவிடுவார்கள். யார் மரியா டெ லோஸ் டோலோரெஸ், யார் மரியா டெ லா கொன்செப்சியோன் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். விக்கிட்ரீயில் 'நடுப்பெயர் இல்லை' என்று குறிக்க வசதி இருக்கிறது. அதைக் குறித்துவிட்டு முழுப்பெயரையும் முதல் கட்டத்திலேயே போடுங்கள்.

இரண்டாவது, ஹுவான்-கார்லோஸ் என்று கோடு போட்டு ஒட்டுவது. இது வெறும் கைவைத்தியம் இல்லை. ஸ்பெயினின் சிவில் பதிவு (பிறப்பு, இறப்புகளை அரசே பதிவது) விதிகளிலேயே, இரண்டு தனிப்பெயர்கள் வைத்தால் நடுவில் இணைப்புக்கோடு போடச் சொல்லும் பிரிவு இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சிவில் பதிவே அங்கே 1871-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு நம் கையில் இருப்பவை தேவாலய ஞானஸ்நானப் புத்தகங்கள். அவற்றில் பாதிரியார் இப்படிக் கோடு போட்டு எழுதும் வழக்கம் இல்லை. ஆவணத்தில் இல்லாத கோட்டை நாமாகச் சேர்த்தால், ஹுவான், கோடு போட்டுப் பெயர் எழுதும் பிரெஞ்சுக்காரர் மாதிரி ஆகிவிடுவார். சிலர் கோட்டுக்குப் பதிலாக, வரி உடையாத இடைவெளி எழுத்தைப் போடுகிறார்கள். கண்ணுக்கு அழகு, தேடலுக்கு எமன். சாதாரண இடைவெளியோடு தட்டச்சு செய்து தேடினால் சில மென்பொருள்களில் அந்த ஆள் சிக்கவே மாட்டார்.

மூன்றாவது, காற்புள்ளி. வம்சாவளி மென்பொருள்களுக்கு இடையிலான தரவுப் பரிமாற்றத் தரமான ஜெட்காமின் 5.5.1 பதிப்பு, முன்பெயருக்கான உட்புலத்தில் வெவ்வேறு பெயர்களைக் காற்புள்ளியால் பிரிக்கச் சொல்கிறது. காகிதத்தில் இதுதான் மிகக் கச்சிதமான வழி. 1881-இல் மாலகாவில் பிறந்த பிக்காசோவின் நீண்ட பெயர் தொடங்கும் விதத்தைப் பாருங்கள்: பாப்லோ, டியேகோ, ஹோசே, ஃப்ரான்சிஸ்கோ டெ பவுலா, ஹுவான் நெபோமுசேனோ. சொற்கள் எட்டு, பெயர்கள் ஐந்து. டெ பவுலா என்பது இத்தாலியின் பாவோலா ஊர்ப் புனிதரைக் குறிப்பது. அதைப் பிரித்தால் பவுலா என்றொரு பெண் புதிதாக முளைத்துவிடுவாள். ஃப்ரான்சிஸ்கோ ஹாவியெரும் அப்படித்தான். ஹாவியெர் நவார்ராவில் உள்ள ஊர், அந்தப் புனிதர்தான் முத்துக்குளித்துறைக்கு வந்த நம் சவேரியார். இந்த நுணுக்கத்தையெல்லாம் காற்புள்ளி காப்பாற்றும். சிக்கல், எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை என்பதுதான். ஒன்றிலிருந்து ஏற்றுமதி செய்து இன்னொன்றில் இறக்கினால் காற்புள்ளி காணாமல் போகலாம், அல்லது பெயரோடு சேர்ந்து திரையில் வந்து நிற்கலாம். 2021-இல் வந்த ஜெட்காம் 7.0 பதிப்பு அந்த உட்புலத்தையே பலமுறை எழுத அனுமதிக்கிறது. நல்ல ஏற்பாடு, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அதற்கு மாறியிருந்தால் சரி.

நான்காவது, ஒரே கட்டத்தில் முழு முன்பெயரையும் ஆவணத்தில் உள்ளபடி எழுதுவது. ஃபேமிலிசெர்ச் தளம், கிராம்ப்ஸ் மென்பொருள் இரண்டிலும் இதற்கு இடமுண்டு. என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: அழைக்கும் பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கிராம்ப்ஸில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால், சுருக்கப் பெயர் காட்டும் இடங்களில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளும். மெக்சிகோ விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மரியா மொரேலோஸ் வெறும் ஹோசே ஆகிவிடுவார். ஓவியர் மக்தலேனா கார்மென் ஃப்ரீடா காலோவுக்கு அழைக்கும் பெயர் மூன்றாவது சொல். பெப்பே (ஹோசே), செமா (ஹோசே மரியா), கொஞ்சா (கொன்செப்சியோன்) போன்ற செல்லப்பெயர்கள் அழைக்கும் பெயரில் போகக் கூடாது, அவற்றுக்குச் செல்லப்பெயர்க் கட்டம் இருக்கிறது. அப்புறம், பழைய தேவாலயப் புத்தகத்தில் மரியாவை 'ம.' என்று சுருக்கியிருந்தால் அது எழுதியவரின் கைச்சுருக்கம், விரித்து எழுதலாம். மெக்சிகோவின் பிறப்புச் சான்றிதழில் அப்படியே இருந்தால் சட்டப்படி அதுதான் பெயர், தொடாதீர்கள்.

இந்த நான்கில் எதுவுமே தீர்க்காத ஒரு சங்கதி உண்டு. காலனிக்கால மெக்சிகோப் பதிவேட்டில் 'மரியா டெ லா குரூஸ்' என்று ஒரு வரி. டெ லா குரூஸ் குடும்பப் பெயராகவும் இருக்கலாம், சிலுவையின் பெயரால் வைத்த முன்பெயரின் பகுதியாகவும் இருக்கலாம். அந்தக் காலப் பூர்வகுடிக் குடும்பங்களில் ஹுவான் டியேகோ என்பதுபோல இரண்டு முன்பெயரோடு நிறுத்திக்கொண்டவர்களும் நிறைய. மென்பொருளோ 'டெ லா'வைப் பார்த்ததும் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டப் பார்க்கும். ஜெட்காமில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுதுவதால், கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: 'மரியா /டெ லா குரூஸ்/' என்பது ஒரு குடும்பம், 'மரியா டெ லா குரூஸ் //' என்பது குடும்பப் பெயரே தெரியாத ஒரு பெண். அவளுடைய அப்பா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளின் பதிவுகளில் அந்த டெ லா குரூஸ் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். வராதவரை முழுவதையும் முன்பெயரில் வைத்து, குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, மற்ற வடிவத்தை மாற்றுப் பெயராகச் சேர்த்துவையுங்கள்.