ஆரல்வாய்மொழிக் காற்றில் நிற்கும் முக்கோணம் எது?

வண்டி நடுவழியில் நின்றால் பின்னால் வைக்கும் மடக்கு முக்கோணம் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய லேசான பிளாஸ்டிக். இன்னொன்று தேன்கூடு போன்ற ரிஃப்ளெக்டரும் கனத்த இரும்புக் காலும் கொண்டது. குமரி மாவட்டத்துக்காரர்கள் விலையைப் பார்க்காமல் இரண்டாவதை வாங்குங்கள்.

காரணம் ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கே கணவாயும் சாலையும் ஏறக்குறைய ஒரே போக்கில் கிடப்பதால், ஆனி ஆடிக் காற்று முக்கோணத்தின் அகன்ற பக்கத்தில் நேராக அறைகிறது. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும் பக்கம் வைத்தால் மல்லாந்து விழும், எதிர்ப்பக்கம் வைத்தால் குப்புற விழும். போதாக்குறைக்கு டாரஸ் லாரி கடக்கும்போது அடிக்கும் காற்று வேறு. குப்புற விழுந்த முக்கோணம் ராத்திரியில் யார் கண்ணிலும் படாது.

பெட்டியில் அல்ல, முக்கோணத்திலேயே வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும், அதன் அருகே '27R' என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. காற்றில் 3 நிமிடம் சாயாமல் நிற்க வேண்டும் என்பது அந்தக் குறி காட்டும் சர்வதேசத் தரத்தின் சோதனைகளில் ஒன்று. ஒரு பக்கம் சுமார் 50 செ.மீ. இருக்கும். கடையிலேயே தரையில் விரித்து, நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். உச்சியில் இரண்டு கைகளையும் பூட்டும் பட்டன் ஒரு விரல் இழுப்புக்கே கழன்றால் வேண்டாம். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பத்தடி தள்ளி நின்று அடியுங்கள். நல்ல ரிஃப்ளெக்டர் நெருப்புத் துண்டாகத் திருப்பி அடிக்கும், ஸ்டிக்கர் மங்கலாகவே கிடக்கும்.

இரும்புக் காலுக்கும் ஒரு குறை உண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் ரிவெட் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை விரித்துப் பார்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். டிக்கியில் சாமான்களுக்கு அடியில் போடாமல் சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

நான்குவழிச் சாலையில் 100 மீட்டர் பின்னால் வைப்பது நல்லது. சாதாரண நடையில் சுமார் 130 எட்டு. 50 மீட்டரில் வைத்தால், 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதை இரண்டேகால் விநாடியில் தாண்டிவிடும், பிரேக் பிடிக்க அது போதாது. ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஆட்களை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். பிறகு விரித்த முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி, வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓரமாக நடங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வையுங்கள். காற்று பலமாக இருந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலின் மேல் படுக்க வைக்கலாம், முக்கோணத்தின் முகத்தை மட்டும் மறைக்கக் கூடாது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஒதுங்க இடமில்லை. வண்டி உருளும் வரை உருட்டி இறங்கப் பாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. பழுதான வண்டியை இடைஞ்சலாக விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 201-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதமும் இழுவைச் செலவும் வரும். ஆளில்லாமல் 10 மணி நேரம் கிடந்தால் 127-வது பிரிவின்படி போலீஸ் இழுத்துப் போகலாம்.

வண்டி கிளம்பத் தயாரான பிறகுதான் முக்கோணத்தை எடுக்க வேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லையும், அடையாளத்துக்கு வைத்த கிளையையும் ரோட்டிலேயே விட்டுப் போகாதீர்கள். அடுத்து பைக்கில் வருபவர் அதில்தான் ஏறுவார்.