ஊருணித் தண்ணீர் தெளிய எது உதவும்: கொட்டையா, மீனா, கோரையா, மண்வெட்டியா?

போன பங்குனியில் எங்கள் ஊருணி பச்சையாகிவிட்டது. தேவிபட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது ஊர். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஊருணியை யாரும் நினைப்பதில்லை, வராத வாரத்தில் மொத்த ஊரும் குடத்தோடு அங்கேதான் நிற்கும். அதனால் பாசி பிடித்ததும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: இதைச் செய்தால் ஊருணியை விட்டு என்ன வெளியே போகிறது?

ஏனென்றால் பாசிக்குச் சாப்பாடு பாஸ்பரஸும் நைட்ரஜனும். மழைத்தண்ணீரோடு வருகிற சாணி, வயல் உரம், படித்துறையில் கரைகிற சோப்பு எல்லாம் சேர்ந்து அடிச்சேற்றில் தங்கிவிடுகிறது. 1 கிலோ பாஸ்பரஸ் இருந்தால் 500 கிலோ வரை பாசி வளரும் என்று கணக்குச் சொல்வார்கள். அது உள்ளேயே இருக்கும்வரை மேலே என்ன தெளித்தாலும் அடுத்த கோடையில் பச்சை திரும்பிவிடும்.

முதலில் தேத்தாங்கொட்டை. எங்கள் அப்பத்தா மண்பானையின் உள்பக்கம் கொட்டையை நாலு சுற்று இழைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றும். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் திப்பித் திப்பியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும், மேலே அள்ளினால் கண்ணாடி மாதிரி இருக்கும். முருங்கை விதையும் இதே வேலையைச் செய்கிறது, அதிலுள்ள புரதம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பானைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இதையே ஊருணியில் போடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். 1 ஏக்கர் பரப்பு, 2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 80 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் விதைப்பருப்பு என்று வைத்தாலும் 800 கிலோ வேண்டும், போட்ட 800 கிலோவும் அழுகிப் பாசிக்கே உரமாகும். பானையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்காது என்று நினைக்க வேண்டாம், கொதிக்கவைத்தே குடியுங்கள். பெயின்ட் கொட்டினது மாதிரி நீலப்பச்சையாக ஏடு கட்டியிருந்தால் கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது, அதன் நஞ்சு கொதிநிலையிலும் போகாது.

நல்ல நுண்ணுயிர்கள் கலந்தது என்று விற்கிற ஈ.எம். கரைசலை வெல்லப்பாகில் ஊறவைத்து ஊற்றலாம் என்றார்கள். நைட்ரஜனை வாயுவாக்கி வெளியேற்றுகிற பாக்டீரியா உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாஸ்பரஸைச் சொல்லும்படியாகக் காற்றில் அனுப்ப எந்த நுண்ணுயிராலும் முடியாது. நான் இதற்குக் காசு போட மாட்டேன்.

மீன் விஷயத்தில் எனக்கு வருத்தம் நிறைய. வெள்ளிக்கெண்டை பாசியை வடிகட்டித் தின்னும், புல்கெண்டை செடியைத் தின்னும், உண்மைதான். தின்றதில் பெரும்பங்கைக் கழிவாகத் திரும்ப அதே தண்ணீரில்தான் விடும். வருடாவருடம் பிடித்து விற்றால் கொஞ்சம் வெளியே போகும். ஆனால் குத்தகை எடுத்தவர் சீக்கிரம் எடை ஏற வேண்டுமென்று கோழிக்கழிவைக் கொட்டினார் என்றால் கதை தலைகீழ். எங்கள் பக்கத்து ஊரில் அப்படித்தான் நடந்தது, ஒருநாள் விடியற்காலையில் அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, எட்டு மணிக்கெல்லாம் பாதி மிதந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சுவிடும், விடியும்போதுதான் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைந்திருக்கும். குடிக்கிற ஊருணியில் தீவனம் போடாத மீன் மட்டும் சரி. அடிமண்ணைக் கிளறித் தின்கிற சாதாக்கெண்டை வேண்டவே வேண்டாம், வருடம் முழுக்கத் தண்ணீர் கலங்கியே கிடக்கும்.

இனி மண்வெட்டிக்கு வருவோம். கேள்விக்கு நேரடியான பதில் தூர்வாருவதுதான், சத்தெல்லாம் சேறோடு வெளியே போய்விடுகிறது, வயலுக்கும் அது நல்ல உரம். வண்டலை விவசாயிகள் அனுமதி வாங்கி இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு வழி வைத்திருக்கிறது. ஆனால் உள்நாட்டுக் கண்மாய்க்குச் சொல்கிற யோசனையை நம் கரையோரத்தில் அப்படியே செய்யக் கூடாது. இங்கே அடியில் இருப்பது உப்புத்தண்ணீர், மழைத்தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருப்பது நடுவிலுள்ள களிமண்தான். வெட்டும்போது பாருங்கள்: முதலில் கறுப்பாக, நாற்றத்தோடு கொழகொழவென்று சேறு வரும், அதை அள்ளலாம். அடுத்து மண்வெட்டியில் அப்பிக்கொண்டு துண்டு துண்டாகப் பெயர்கிற சாம்பல்நிறக் களி, அங்கே நிறுத்திவிட வேண்டும். அதையும் தாண்டி வெள்ளை மணலும் கிளிஞ்சல் துண்டும் வந்துவிட்டால் காரியம் கெட்டது. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று ஜேசிபியை விட்டு ஆழமாகத் தோண்டிய ஓர் ஊருணி இங்கே இப்போது ஆடுமாடுகூட வாய்வைக்காத அளவுக்குக் கரிக்கிறது. உப்பு ஏறிவிட்டால் கொட்டையாலோ கோரையாலோ அதை எடுக்கவே முடியாது.

அதனால் நான் முதலிடம் கொடுப்பது கோரைக்கு, அதுவும் ஊருணிக்கு நடுவில் இல்லை, வரத்துக்கால் வந்து சேருகிற வாயில். ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வெள்ளம்தான் நமக்கு வருடத்துத் தண்ணீர், அழுக்கும் அதோடுதான் வருகிறது. வாய்க்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம் வெட்டி, அதைத் தாண்டி 20 அடிக்குக் கோரையும் வெட்டிவேரும் அடர்த்தியாக வைத்தால் வேகம் குறைந்து மண் அங்கேயே படிந்துவிடும். பாஸ்பரஸில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டித்தான் வரும் என்பதால் அதுவும் வாசலிலேயே நின்றுவிடும், பள்ளத்தை வருடம் ஒருமுறை நாலு பேர் சேர்ந்தால் ஒரே நாளில் அள்ளிவிடலாம். கரையோரம் ஒரு வரிசை வைத்தால் ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அலை கரையை அரிக்காது. அல்லி இருக்கலாம். ஆகாயத்தாமரையை அழகுக்கென்று ஒரு செடிகூட விடாதீர்கள், ஆளுயரம் வளர்கிற சம்புப் புல்லும் விட்டால் ஊருணியையே மூடிவிடும்.

எங்கள் ஊரில் இந்தக் கோடையில் சேற்றைக் களிவரை அள்ளிவிட்டு, ஆவணியில் கோரை நடுவதாக முடிவு. நட்டதும் ஆறு மாதம் ஆடு நுழையாமல் முள் அடைக்க வேண்டும், சீமைக்கருவேல முள்ளே போதும், காய் இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். மாசியில் கோரையை அறுத்தே ஆக வேண்டும், அறுக்காத கோரை அழுகி, எடுத்த சத்தை எல்லாம் தண்ணீருக்கே கொடுத்துவிடும். அறுத்ததை உள்கரையில் குவித்தால் அதன் சாறு முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வடியும், தலைச்சுமையாகவாவது கரையின் வெளிச்சரிவுக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள்.