பழைய பழக்கத்தைச் சொல்ல ‘யூஸ்ட் டு’வா, ‘வுட்’டா?

மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பாடம் தயாரித்தபோது இந்தக் கேள்வி வந்தது. முன்பு வழக்கமாகச் செய்து வந்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் மூன்று வழிகள் உண்டு: சாதாரண இறந்தகாலம், ‘யூஸ்ட் டு’, ‘வுட்’. எதை முதலில் சொல்லித் தருவது? நான் ‘யூஸ்ட் டு’வைத்தான் எடுத்துக்கொண்டேன்.

சாதாரண இறந்தகாலம் எல்லோருக்கும் தெரிந்தது. ‘எவ்ரி சண்டே’ மாதிரி ஏதாவது சேர்த்தால் அதுவே பழக்கத்தைக் காட்டிவிடும். சேர்க்காவிட்டால் ஒரு தடவை நடந்ததா, அடிக்கடி நடந்ததா என்று தெரியாது. எண்ணிக்கையோ கால அளவோ வந்தால் மட்டும் இதை விட்டால் வேறு வழியில்லை. மதுரையில் மூன்று வருடம் இருந்தேன் என்றால் ‘ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் த்ரீ இயர்ஸ்’தான். அங்கே ‘யூஸ்ட் டு’ வராது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். தமிழ்க் காதுக்குச் சட்டென்று ஒட்டுவது ‘வுட்’. நாமும் பழைய பழக்கத்தை எதிர்கால வினையில்தானே சொல்கிறோம்? ‘சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம், தாத்தா கரையில் காத்திருப்பார்.’ ‘வுட்’டும் பிறப்பால் ‘வில்’லின் இறந்தகால வடிவம். குளிப்போம் என்றால் ‘வீ வுட் பேத்’, காத்திருப்பார் என்றால் ‘ஹீ வுட் வெயிட்’. அச்சு அசலாகப் பொருந்துகிறது.

வம்பே இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. தமிழில் பிடிக்கும், தெரியும், இருக்கும் எல்லாமே அதே எதிர்கால உருவம். ‘அப்போது எனக்கு மாம்பழம் ரொம்பப் பிடிக்கும்’ என்பதை அதே சூட்டில் ‘ஐ வுட் லைக் மேங்கோஸ்’ என்று மாற்றினால், கேட்பவர் நமக்கு இப்போது மாம்பழம் வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். ‘அந்த முனையில் ஒரு டீக்கடை இருக்கும்’ என்பதற்கு ‘தேர் வுட் பி எ டீ ஷாப்’ என்றால், இன்னும் கட்டாத கடையைப் பற்றிப் பேசுவது போல ஒலிக்கும். திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் ‘வுட்’. பிடித்திருந்தது, தெரிந்திருந்தது, வைத்திருந்தோம், வசித்தோம் போன்ற நிலைகளுக்கு அது ஒத்துவராது. ‘யூஸ்ட் டு’ இரண்டையும் தாங்கும்.

இது செயலா, நிலையா என்று தமிழ் நம்மைக் கேட்பதே இல்லை. பேச்சின் நடுவில் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நின்று யோசிக்க யாரால் முடியும்? எனக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. அதோடு ‘வுட்’டுக்கு முன்னால் காலத்தைச் சொல்லி வைக்கவும் வேண்டும். வெறுமனே ‘ஹீ வுட் கம் பை பஸ்’ என்றால், ‘ஆனால்…’ என்று ஏதோ வரப்போகிறது என்று எதிரே இருப்பவர் காத்திருப்பார். ‘ஹீ யூஸ்ட் டு கம் பை பஸ்’ தனியாகவே நிற்கும். இப்போது அப்படி வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

அதற்காக ‘வுட்’டை ஒதுக்கச் சொல்லவில்லை. தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் வரிக்கு வரி ‘யூஸ்ட் டு’ வந்து சலிப்பூட்டும். முதல் வரியில் அதைப் போட்டுவிட்டு அப்புறம் ‘வுட்’டுக்கு மாறுவதுதான் ஆங்கிலத்தில் வழக்கம். என்னிடம் வருகிறவர்கள் வேலைக்குப் போகும் பெரியவர்கள், பேச்சுதான் அவர்கள் தேவை. கட்டுரை எழுதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எடுத்ததில்லை. அங்கே ‘வுட்’டைச் சீக்கிரமே கொண்டுவர வேண்டியிருக்கலாம்.

‘யூஸ்ட் டு’விலும் தொல்லைகள் உண்டு. ‘டிட்’ வந்தால் எழுத்தில் கடைசி ‘டி’யை விட வேண்டும், பேச்சில் வித்தியாசமே கேட்காது என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ‘நெவர் யூஸ்ட் டு’ என்று சொன்னால் அந்தச் சிக்கலும் இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்பது பழகிப்போனதைச் சொல்லும் வேறு விஷயம், அதை அதே வாரத்தில் எடுக்கவே கூடாது. நம் ஊரில் அதிகம் காதில் விழுவது இன்னொன்று: தினமும் ஐந்து மணிக்கு எழுகிறவர், ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்பார். நேர்காணலில் அதைக் கேட்பவர், மனிதர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார் என்றே நினைப்பார். அதனால் ‘யூஸ்ட் டு’ நடத்தும் அன்றே, இன்றைய பழக்கத்துக்கு ‘யூஷுவலி’ என்பதையும் கையோடு சொல்லித் தருகிறேன்.