ஏ.ஆர்.500 எஃகு இலக்குத் தகடு: அமெரிக்கத் தேசியக் காடுகளில் சுடுவோருக்கு

தேசியக் காடுகளில் குறிபார்த்துச் சுட 3/8 அங்குலத் தடிமனுள்ள ஏ.ஆர்.500 (தேய்மானத்தைத் தாங்கும் கடின எஃகு) தகடு நல்ல தேர்வுதான், ஆனால் ஈரமான மாதங்களுக்கு மட்டும். குண்டு பட்டதும் மணிபோல ஒலிப்பதால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடிப் புட்டி, பழைய டிவி என்று இலக்காக வைப்பவை காட்டில் குப்பையாகச் சேருவதையும் இது தடுக்கும். அந்த ஒரு காரணத்துக்கே இதை மனதாரப் பரிந்துரைக்கிறோம்.

மாட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவர் பக்கமாக ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்திருந்தால் ஈயச் சிதறல் தரைக்குப் போகும். விறைப்பாக நிமிர்த்தி வைத்தால் முகத்துக்கே திரும்பலாம். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 கஜமும் ரைஃபிளுக்கு 100 கஜமும் தள்ளி நில்லுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எஃகு முனைக் குண்டுகள் தகட்டில் குழி பறிக்கும். குழி விழுந்த தகடு சிதறலை எந்தத் திசைக்கும் வீசும், உடனே மாற்றிவிடுங்கள்.

பெரிய குறை, தீ. வனத்துறை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், எஃகில் மோதிய ரைஃபிள் குண்டுகளின் சூடான துண்டுகள் பீட் எனும் காய்ந்த மட்கிய பாசித்தூளைப் பற்றவைத்தன. எஃகு கலந்த குண்டும் முழுச் செப்புக் குண்டும்தான் அதிகம் பற்றவைத்தன. கோடையில் காகித இலக்கும் பின்னால் வெறும் மண்மேடும் போதும். தண்ணீரும் மண்வெட்டியும் அருகில் இருக்கட்டும்.

வீடு, முகாம், ஆள் புழங்கும் இடம் எதற்கும் 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலை, நீர்நிலை குறுக்கேயும் கூடாது. தீ எச்சரிக்கைக் காலத்தில் சில காடுகள் சுடுவதையே நிறுத்திவிடும். கிளம்புமுன் அந்தந்த வனச்சரக அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள்.