பல் மறுபடி நகராமல் இருக்க: ஒட்டும் கம்பியா, கழற்றும் ரீடெய்னரா?

வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொள்வது கிளிப் போட்டவருக்கும் போடாதவருக்கும் நடக்கும். ஞானப்பல்லைப் பழிப்பது வழக்கம், ஆதாரம் குறைவு. மேல் முன்பற்கள் விரிந்து இடைவெளி விழுந்தால், ஈறுநோயில் எலும்பு கரைகிறதா என்று முதலில் பாருங்கள். பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னர் பிறகுதான்.

ஒட்டும் கம்பி கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை உள்பக்கம் இருக்கும். மறதிக்காரருக்கு இதுவே சரி. ஆனால் அதை ஒட்டிப் பற்காரை படியும். தினமும் பல்லிடுக்கு பிரஷ் வேண்டும். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டால் வலிக்காது, கம்பியும் விழாது. அந்தப் பல் சத்தமில்லாமல் திரும்பும். நாக்கால் தடவிப் பார்த்து, கம்பி ஆடினால் உடனே மருத்துவரிடம் போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கழற்றும் ரீடெய்னரில் பல் துலக்குவது சுலபம். வெந்நீரில் கழுவினால் நெளியும். சில இரவு போடாமல் விட்டு, மறுபடி போடும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகர்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் அழுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.